எனக்கு ஆகாத ரகத்தில் ஒரு கொரியத் தொடர்

காதல் தொடர் என்றாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கொரியத் தொடர்களில் கொலை, விசாரணை, கோர்ட் இதெல்லாம்தான் பார்ப்பேன். மழையில் குடை நீட்டுவது, மூன்று எபிசோடுக்கு ஒருமுறை கண்ணோடு கண் பார்த்து நிற்பது, இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. டாக்டர் கதைகளும் வேண்டாம், விளையாட்டுக் கதைகளும் வேண்டாம். இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்த ‘வெயிட்லிஃப்டிங் ஃபேரி கிம் போக் ஜூ’வை 16 எபிசோடும் பார்த்து முடித்திருக்கிறேன். தங்கைக்குக் காய்ச்சல், அவள் போட்டாள், துணைக்கு உட்கார்ந்தேன். முதல் இரண்டு எபிசோட் பாதிக் கவனத்தில்தான் ஓடியது.

2016 நவம்பரில் எம்பிசி என்ற கொரிய சேனலில் தொடங்கிய தொடர். விளையாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பளு தூக்கும் மாணவி போக் ஜூ, அப்பாவுக்குச் சிக்கன் கடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மொத்தம் 326 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே ஜாங் மி ரான், அவரைப் பார்த்து உருவான பாத்திரம் இது. அவளுக்கு ஜே யி என்ற டாக்டர் மேல் ஆசை வந்துவிடுகிறது. அவர் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்துகிறவர். அவரைப் பார்ப்பதற்காகவே அங்கே போய்ப் பெயர் கொடுக்கிறாள், தான் செல்லோ வாசிக்கிறவள் என்று பொய்யும் சொல்லிவிடுகிறாள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பளு தூக்குதலில் எல்லாமே எடைப் பிரிவுதான். போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தராசில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள். அவளை அடுத்த பிரிவுக்கு ஏற்ற வேண்டும், நன்றாகச் சாப்பிடு என்கிறார்கள் பயிற்சியாளர்கள். அதே நாட்களில் கிளினிக்கில் அவள் எடை குறைக்க வந்த நோயாளி. பயிற்சிக்கூடத்தில் ஒரு தராசு, கிளினிக்கில் ஒரு தராசு, ஒன்றில் முள் ஏற வேண்டும், இன்னொன்றில் இறங்க வேண்டும், இரண்டின் மேலும் நிற்பது ஒரே பெண். போதாததற்கு அவளுடைய ரூம்மேட் ஷி ஹோ ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண், எடை கூடிவிடுமோ என்று சாப்பாட்டைப் பார்த்தே நடுங்குகிறவள். இரண்டு பேரும் தூங்குவது ஒரே அறையில்! இதை எழுதியவர்களுக்கு விளையாட்டு விடுதி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் அந்தப் போட்டிக் காட்சி. கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டு மேடைக்கு வருகிறாள், நிமிர்ந்தால் கூட்டத்தில் அந்த டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். செல்லோ எல்லாம் அந்த நொடியோடு முடிந்தது. தன் வாழ்க்கையில் மிக நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு காரியத்தை, பிடித்த மனிதர் முன்னால் செய்வதற்கு ஒரு பெண் வெட்கப்பட்டு நிற்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் பெரியம்மா மகள் பள்ளியில் குண்டு எறிந்தவள், மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். தோள் இப்படி அகலமானால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசிப் பேசியே நிறுத்த வைத்தார்கள். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே பல்கலைக்கழகத்து நீச்சல்காரன் ஜூன் ஹ்யோங் கதையும் எனக்குப் பிடித்தது. ஸ்டார்ட் சத்தம் வருவதற்குள் குதித்துத் தகுதி இழந்தவன், அதற்குப் பிறகு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் நின்றாலே உடம்பு உறைந்துபோகிறது. பார்க்கும்போது எனக்கு கொரிய நீச்சல் வீரர் பார்க் தே ஹ்வான் நினைவுதான். 2004 ஏதென்ஸில் 14 வயதில் இதே தவறுக்காக வெளியேற்றப்பட்ட பையன், நாலு வருடம் கழித்து பெய்ஜிங்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார். தொடரில் ஜூன் ஹ்யோங்கை மனநல ஆலோசனைக்கு அனுப்புகிறார்கள், ஒரே காட்சியில் குணமாக்கிவிடவில்லை. சரியாகச் செய்திருக்கிறார்கள்.

பிடிக்காததும் உண்டு. ஜூன் ஹ்யோங் போக் ஜூவைக் குண்டு என்று பட்டம் வைத்துக் கூப்பிடுவதை அன்பு என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்னொன்று, போக் ஜூவாக நடித்த லீ சங் கியோங் மாடலாக இருந்தவர். பாத்திரத்துக்காக எடை கூட்டினாலும் திரையில் ஒல்லியாகத்தான் தெரிகிறார். கதை பேசுகிற விஷயத்துக்கு உண்மையிலேயே பருமனான ஒருவரை நடிக்க வைக்கும் துணிச்சல் சேனலுக்கு வரவில்லை, அது பெரிய குறைதான். நடிப்பில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த நடையும் தோளைத் தொங்கப்போட்டு நிற்பதும் அப்படியே விளையாட்டுக்காரப் பெண்.

காதல் பகுதியில் சில இடங்களை ஓட்டித்தான் பார்த்தேன், அதை மறைக்கவில்லை.

குண்டு எறிந்த அந்த அக்கா தீபாவளிக்கு வருகிறாள். அவள் பெண் இப்போது எட்டாவது படிக்கிறாள், நல்ல உயரம். முழுத் தொடரையும் பார்க்க இரண்டு பேருக்கும் நேரம் இருக்காது, அந்தப் போட்டி வருகிற எபிசோடை மட்டுமாவது சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.