சூடான சாம்பார், கொசுவத்திப் புகை, பளபளக்கும் மஞ்சள்

பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன் என்பதால் ஒரே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது. “கெமிக்கல் இல்லாத சோப்பு, ஷாம்பூ, பாத்திரம் கழுவுற லிக்விட் எந்தக் கடையில வாங்கலாம் டீச்சர்?” கேட்பவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. அந்தக் கவலையைக் காசாக்க ஒரு சந்தையே முளைத்திருப்பதுதான் எனக்குக் கோபம். முந்நூறு ரூபாய் கொடுத்து மூலிகைச் சோப்பு வாங்க முடிந்தவள் அக்கறையுள்ள அம்மா என்றும், ரேஷன் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் மாதத்தை ஓட்டுகிறவள் பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறாள் என்றும் நினைக்க வைக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

என்னைப் பயமுறுத்தும் விஷயங்கள் சோப்பு டப்பாவில் இல்லை. ஓட்டல் பார்சலில் இருக்கின்றன, படுக்கையறை மூலையில் புகைகின்றன, பாத்ரூம் அலமாரியில் நிற்கின்றன, மஞ்சள்தூள் டப்பாவில் இருக்கக்கூடும். முதல் மூன்றையும் சரிசெய்ய அதிகம் செலவாகாது. நான்காவதை எந்தக் குடும்பமும் தனியாக நின்று சரிசெய்ய முடியாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பார்சலில் இருந்து தொடங்குகிறேன். பிளாஸ்டிக்கில் இருக்கும் சேர்மானங்கள் உணவுக்குள் இறங்க மூன்று விஷயங்கள் உதவி செய்யும்: சூடு, எண்ணெய், புளிப்பு. கொதிக்கக் கொதிக்க ஒரு கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தரும் சாம்பாரில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அந்தக் கவர் உணவுக்கென்று செய்ததா, பழைய பக்கெட்டையும் செருப்பையும் உருக்கிச் செய்ததா என்பது ஓட்டல்காரருக்கும் தெரியாது. டீயைக் கவரில் கட்டி வாங்கி வந்து ஆபீஸில் ஆளுக்கு ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுப்பது இன்னொரு பழக்கம். அந்தக் கப்பின் உள்பக்கம் பேப்பர் இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் படலம். கரக்பூர் ஐஐடியில் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தை அப்படிப்பட்ட கப்பில் 15 நிமிடம் வைத்திருந்தால், ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதற்குள் இறங்கிவிடுகின்றன.

இந்தக் கவரும், பிளாஸ்டிக் பூசிய இந்தக் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தடை அரசாணையில் இருக்கிறது, கவர் கல்லாப் பக்கத்தில் தொங்குகிறது. அது தனிக்கதை. நம் கையில் இருப்பது தூக்குவாளி. “அண்ணா, கவர் வேண்டாங்க, இதுல ஊத்திக் குடுங்க” என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. கவர் காசு மிச்சம் என்று அவருக்கும் சந்தோஷம்தான். பஜ்ஜி, போண்டாவைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் ஒற்றி எடுப்பதையும் விட்டுவிடுங்கள். அச்சு மை எண்ணெயில் நன்றாகக் கரையும். செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே சொல்லிவிட்டது. வாழை இலை கிடைக்காத ஊரா நம் ஊர்?

அடுத்தது படுக்கையறை. ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, கட்டிலுக்குக் கீழே கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக் குழந்தையைத் தூங்க வைக்கிறோம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரித்ததற்குச் சமம் என்று கண்டார்கள். வீட்டில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் அப்பாக்களே இரவில் இதைக் கொளுத்தி வைக்கிறார்கள். பூச்சிக்கொல்லியின் அளவு குறைவுதான், புகைதான் பிரச்சினை. அதனால் “அப்போ நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டுப் புகை போடலாமா, அது இயற்கைதானே?” என்று கேட்டால், மூடிய அறைக்குள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாம்பிராணிக்கும் இதே பதில். எந்த இலையின் புகை என்று நுரையீரல் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள், மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் வலை கிடைக்கிறது.

பாத்ரூம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். கறை போகவில்லையே என்று ஒன்றின் மேல் மற்றொன்றைக் கொட்டுகிறார்கள். அப்போது வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் படைவீரர்கள் மேல் திறந்துவிடப்பட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத நாலடிக் கழிவறைக்குள் அதைச் சுவாசிப்பது பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். அவருக்கு இந்த விவரத்தைச் சொல்வது நம் கடமை. அவர் கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுக்காமலே இருந்தால் இன்னும் நல்லது. பிரஷ்ஷும் சோப்புத்தூளும் கொஞ்சம் நேரமும் போதும்.

இனி நிறத்துக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எங்கள் கொங்குப் பக்கத்தில் வாசல் தெளிக்கச் சாணி கிடைக்காத வீடுகளில் சாணிப்பவுடர் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் உண்டு. மஞ்சள் பவுடர் ஆரமைன், பச்சைப் பவுடர் மாலகைட் கிரீன். இரண்டும் தொழிற்சாலைச் சாயங்கள், வயிற்றுக்குள் போனால் ஆளைக் கொல்பவை. வாசல் மஞ்சளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை வெறுங்கையால் கரைத்தோம். பஞ்சுமிட்டாய் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் துணிச்சாயமான ரோடமைன்-பி கலந்தார்கள், சோதனையில் அகப்பட்டதும் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. சிக்கன் 65 சிவக்க வேண்டும், ஜாங்கிரி ஆரஞ்சாக ஜொலிக்க வேண்டும். கேட்பவர்கள் நாம்தான், அதனால்தான் கலக்கிறார்கள்.

மஞ்சளிலும் இதேதான் நடக்கிறது. இயல்பான விரலி மஞ்சள் வெளியே மங்கலாகத்தான் இருக்கும். பாலீஷ் போட்டால் கொஞ்சம் பளிச்சென்று ஆகும், அதில் தப்பில்லை. வங்கதேசத்தில் 1980களில் பெருவெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பெயிண்டுக்குப் போடும் லெட் குரோமேட் என்ற மஞ்சள் நிறமி. லெட் என்றால் காரீயம். வெள்ளம் வடிந்தும் வழக்கம் போகவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன ஆய்வாளர்கள் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி என்ற சுகாதார ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு 2019இல் வெளியானது.

காரீயத்தை உடம்பு கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்து வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும், போன அறிவுத்திறனை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்கிறார்கள். இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாருக்கு எவ்வளவு என்று யாருமே பார்த்ததில்லை.

மஞ்சள் ஒரு வழி மட்டும்தான். பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் கம்பிகளில் இருக்கும் எனாமல் பெயிண்ட் இன்னொன்று. வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே சுரண்டாதீர்கள். தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய இரும்புக் கடைச் சரக்கை உருக்கிச் செய்யும் மலிவான அலுமினிய, இண்டாலியம் பாத்திரங்களிலும் சந்தேகம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன சில பாத்திரங்களில் சமைத்தால் காரீயம் உணவில் இறங்குகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு மட்டுமாவது எவர்சில்வரிலோ மண்சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ செய்யுங்கள்.

ரசம் என்றதும் ஈயச்சொம்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாட்டிகளின் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின்னில் செய்தது, அதில் ஆபத்தில்லை. இப்போது மறுபடியும் மவுசு வந்து இணையத்தில் விற்கும் சொம்புகளில் காரீயம் கலந்திருந்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அளவுக்கு மீறிக் கனத்தாலோ, வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடுபோலக் கறுப்பாக விழுந்தாலோ வேண்டாம். அப்படி இல்லாவிட்டாலும் கலப்பே இல்லை என்று அடித்துச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும். வம்சாவழியாக வந்த சொம்பு இல்லையென்றால் எவர்சில்வரில் வைக்கும் ரசமும் ருசிதான்.

குழந்தைக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, தயிர் கொடுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்புதான் காரீயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். சத்துக்குறைவான ஏழைக் குழந்தைக்குத்தான் இதிலும் கூடுதல் அடி.

பளபளக்காத விரலி மஞ்சளாகப் பார்த்து வாங்கி, கழுவி, காயவைத்து, மிஷினில் கொடுத்து அரைப்பது நான் செய்வது. ஒருமுறை மிஷின்காரர் சொன்னார்: “நீங்க ஒருத்தர்தான் மங்கல் மஞ்சள் கொண்டு வர்றீங்க அம்மிணி, மத்தவங்கெல்லாம் பளிச்சுன்னு இருந்தாத்தான் நல்ல மஞ்சள்ங்கறாங்க.” ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மங்கலாக இருப்பதைப் பார்த்து வாங்குவது ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். அரைத்த தூள் வாங்குகிற கோடிக்கணக்கான பேருக்கு அதுவும் முடியாது. வங்கதேசத்திலும் பெண்கள் கவனமாக வாங்கியதால் பிரச்சினை தீரவில்லை. அரசு இறங்கி வேலை செய்தது. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தைக்குள் காரீயத்தைக் காட்டிக்கொடுக்கும் எக்ஸ்-ரே கருவியோடு அதிகாரிகள் போனார்கள், கையும் களவுமாகப் பிடித்து இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டார்கள், நாடு முழுக்கச் சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள். 2019இல் மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021இல் அது பூஜ்யம். மஞ்சள் அரவைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் காரீயம் சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. இரண்டே வருடம். பெட்ரோலிலிருந்து காரீயத்தை 2000ஆம் ஆண்டில் நம் நாட்டில் நீக்கியதும் சட்டத்தால்தான். அன்று யாரும் பெண்களைப் பார்த்து “நல்ல பெட்ரோலாகப் பார்த்து வாங்கும்மா” என்று சொல்லவில்லை.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நாடுகளில் எடுத்த மஞ்சள் மாதிரிகள் பற்றிய ஆய்வு 2024இல் வந்தது. பாட்னாவிலும் கராச்சியிலும் பெஷாவரிலும் மிக மோசமான அளவுகள். இது ஏதோ வடக்கே நடப்பது என்று நாம் சும்மா இருக்கக் கூடாது. மசாலாவுக்கு மாநில எல்லை கிடையாது.

நுகர்வோருக்கு ஓர் உரிமை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய எந்த உணவுப் பொருளையும் கட்டணம் கட்டி நாமே பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். தரமில்லை என்று முடிவு வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு குடியிருப்போ சுயஉதவிக் குழுவோ சேர்ந்து பணம் போட்டு, தெருவில் விற்கும் மஞ்சள்தூளை மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கலாம்.

அரசிடம் நான் கேட்பது இரண்டு. அங்கன்வாடிக் குழந்தைகளில் ஒரு பகுதிக்காவது ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்து மாவட்டவாரியாக முடிவை வெளியிட வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஈரோட்டில் ஏலத்துக்கு வரும் மஞ்சளைக் காரீயத்துக்காக அவ்வப்போது சோதித்து, முடிவை ஏலக்கூடத்து வாசலிலேயே ஒட்ட வேண்டும். சாயம் கலக்காமல் விளைச்சலைக் கொண்டுவரும் விவசாயிக்கு இதனால் நல்ல விலைதான் கிடைக்கும், நட்டம் இல்லை. இந்த இரண்டு கோரிக்கையையும் எழுதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். ஈரோடு, பெருந்துறை, கோபி பக்கத்து நண்பர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் கமெண்டில் சொல்லுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன்.