டிஸ்க் பிரேக் மாட்டுவதற்கு முன்னால் டிரம் பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள்

பர்மாவில் எங்கள் மோல்மேனில் பழைய பைக்குக்குச் செலவு செய்வதென்றால் முதலில் பெயின்ட், அப்புறம் சைலன்சர், அப்புறம் கலர் கலராக விளக்கு. பிரேக்குக்கு முறை வருவதே இல்லை. ஒருநாள் சந்தை முனையில் வண்டி நிற்காமல் போய் நெஞ்சு பதறினால், உடனே "முன்னாடி டிஸ்க் மாத்திடலாம்" என்று பெரிய செலவுக்குத் தாவுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பல வருஷம் ஓடிய ஹோண்டா ட்ரீம், பழைய வேவ், சீனத்துக் கென்போ என்று எதைக் கழற்றினாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: கவனிக்காமல் விட்ட பிரேக். கம்பெனி கொடுத்த பிரேக்கை முதலில் கம்பெனி கொடுத்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேலும் போதவில்லை என்றால் டிஸ்க்கைப் பற்றிப் பேசுவோம்.

ரங்கூனில் 2003-லிருந்து நகருக்குள் பைக் ஓட்டத் தடை. அங்கே உள்ள சொந்தக்காரர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாகப் புரியாது. இங்கே பள்ளிக்கூடம், சந்தை, கோவில், கல்யாணம், எல்லாமே பைக்தான். பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, முன்னால் கொக்கியில் காய்கறிப் பை. வருஷத்துக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிற ஊர் வேறு. பகோடா மலையிலிருந்து இறங்கும் சாலைகளில் மழைக்காலத்தில் ஒருதரம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்று தெரியும்.

டிரம் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தோடு சுற்றும் உருளைதான் டிரம். உள்ளே இரண்டு ஷூ, அதாவது உராய்ந்து பிடிக்கும் அரைவட்டக் கட்டைகள். லீவரைப் பிடித்தால் கேம் என்ற சின்ன அச்சு திரும்பி இரண்டையும் விரிக்கும். சுற்றுகிற டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். மற்றதைத் தள்ளிவிடப் பார்க்கும். அதனால் ஒரு ஷூதான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. அந்த ஷூ டிரம்மில் முழுசாகப் படியாவிட்டால் லீவரை எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை.

அதைப் படிய வைக்க ஒரு காசும் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு ஆக்சில் நட்டை உடனே இறுக்கிவிடாதீர்கள். கையால் சும்மா திருகி வையுங்கள். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு பிரேக்கை நன்றாக இறுக்கிப் பிடியுங்கள். பிடித்த பிடியை விடாமல், கூட இருப்பவரை நட்டை முறுக்கச் சொல்லுங்கள். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவுக்கு வந்து உட்கார்ந்த நிலையிலேயே எல்லாம் இறுகும். அடுத்த தெருவுக்குப் போய் வந்தாலே வித்தியாசம் கையில் தெரியும். பட்டறையில் அவசரத்தில் இதைச் செய்வதில்லை, நீங்கள்தான் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும்.

கழற்றியிருக்கும்போதே டிரம்மின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். 110 மி.மீ. டிரம்முக்குத் தேய்மான எல்லை 111 மி.மீ. பெரும்பாலான ஹப்களில் (டிரம் அமைந்த சக்கர நடுப்பாகம்) அந்த அளவையே பொறித்திருப்பார்கள், துருவையும் அழுக்கையும் துடைத்தால் தெரியும். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் எந்தப் புது ஷூ போட்டும் பிரயோஜனமில்லை, ஹப்பையே மாற்ற வேண்டும். ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் குறுக்காகத் தேய்த்து மந்தமாக்குங்கள். கிரீஸோ எண்ணெயோ ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை, சூடேறினால் ஊறியது மறுபடி வெளியே வரும். தூக்கிப் போடுங்கள். எங்கிருந்து எண்ணெய் கசிந்தது என்று பார்த்து அந்தக் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் போனதுதான். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. டிரம்மை மூடும் பிரேக் தட்டின் வெளியே கேம் அச்சோடு சேர்ந்து ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது அந்த அம்பு தட்டில் உள்ள கோட்டுக்கு வந்துவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்று என்று பொருள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கேபிளை முறுக்கும் இடம் தீர்ந்துபோனதும் கேபிள் இழுத்துக் கேமைத் திருப்பும் பிரேக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். லீவர் மறுபடி விறைப்பாகிவிடும், வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் கையும் கேபிளும் பிரேக் பிடிக்கிற நேரத்தில் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால்தான் இழுவை முழுசாகப் போய்ச் சேரும். கோணம் கெட்டால் பலம் போகும். ஷூ இன்னும் தேய்ந்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஜோடி ஷூ விலையை மிச்சம் பிடிக்க இதைச் செய்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முன் கேபிளையும் விடாதீர்கள். லீவர் முனையில் உறையை விலக்கிப் பார்த்தால் ஒன்றிரண்டு இழை பிரிந்து நிற்கும். பிரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். புதுசு போடும்போது மடங்காமல் பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள்.

சரி, டிஸ்க். என் அக்கா மகன் சமீபத்தில் வந்து, "மாமா, பழைய ஃபோர்க்கிலேயே ஒரு பட்டை வெல்டு பண்ணி கேலிப்பர் மாட்டித் தர்றாங்களாம், போட்டுடவா?" என்று கேட்டான். ஃபோர்க் என்பது முன் சக்கரத்தைத் தாங்கும் கால்கள், கேலிப்பர் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம். "வேண்டவே வேண்டாம்டா" என்றேன். முன் பிரேக் பிடிக்கும்போது வருகிற விசை முழுவதையும் அந்த ஒரு பற்றவைப்புதான் தாங்க வேண்டும். அலுமினியக் காலில் அப்படிச் சூடேற்றினால் அந்த இடமே பலவீனமாகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டிஸ்க்கோடு வந்த அதே குடும்பத்து வண்டியிலிருந்து ஃபோர்க், சக்கரம், கேலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் (லீவர் அருகே பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுங்கள். மாஸ்டர் ஒரு வண்டியிலும் கேலிப்பர் வேறொரு வண்டியிலுமாகச் சேர்த்தால், பிஸ்டன் அளவு பொருந்தாமல் ஒன்று லீவர் கல்லாக இருக்கும், இல்லாவிட்டால் கைப்பிடி வரை வந்து ஒட்டும்.

ஏற்கெனவே டிஸ்க் உள்ள பழைய வண்டிக்காரர்கள் பிரேக் எண்ணெயை 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் லீவர் காலியாக உள்ளே போகும். ரப்பர் ஹோஸ் பழசாகி உப்பினால் எஃகு வலை போட்ட ஹோஸ் மாட்டுங்கள். டிஸ்க் வண்டிக்குச் செய்கிற செலவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இத்தனையும் செய்துவிட்டு "முன் பிரேக் பிடிச்சா தூக்கிப் போட்டுடும்" என்று பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்கு ஓடுகிறது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். பின் சக்கரம் லேசாகி வழுக்கும். காலி சாலையில் நிமிர்ந்து நேராகப் போகும்போது முன் லீவரைப் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள், வெடுக்கென்று பிடிக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு லீவரை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும். இந்த வேலைகளுக்கெல்லாம் நல்ல நேரம் சித்திரைத் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம். திருவிழாத் தண்ணீர் எப்படியும் டிரம்முக்குள் போயிருக்கும், கழற்றித் துடைத்தாக வேண்டும். வைகாசி மழைக்கு முன்னால் ஷூ, கேபிள், சீல் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடலாம்.