பாலைவனப் புறநகரில் வாடகை வீடு: ஏ.சி.யைப் பற்றி முதலில் கேளுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் அபார்ட்மெண்ட் தேடுகிற நம்மவர்கள் என்னிடம் வாடகை எவ்வளவு, பள்ளி எப்படி, நீச்சல்குளம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஏ.சி. எத்தனை வருடம் பழையது, சன்னல்கள் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் குடிவந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர்கள் வளரும் வேகம் அசாதாரணமானது. 2000இல் சுமார் 6,500 பேர் வாழ்ந்த பக்கை (Buckeye) என்ற புறநகர், 2020 கணக்கெடுப்பில் 91,000 பேரைத் தாண்டிவிட்டது. பருத்தி விளைந்த நிலங்களில் எழுந்த புதிய குடியிருப்புகளில் நிழல் தரும் அளவுக்கு மரங்கள் இன்னும் வளரவில்லை. தார்போட்ட வண்டி நிறுத்துமிடங்கள் பகல் வெயிலைச் சேர்த்துவைத்து இரவில் திருப்பித் தருகின்றன. 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 பாரன்ஹீட்டை, அதாவது 43 செல்சியஸை, எட்டியது. அந்த ஜூலையில் ஓர் இரவு வெப்பம் 97 பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. பீனிக்ஸ் அடங்கிய மரிக்கோப்பா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) அவ்வாண்டு வெப்பத்தால் இறந்தோர் 645 பேர். அவர்களில் தம் வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு, அவ்வீடுகள் சிலவற்றில் ஏ.சி. இருந்தும் அது ஓடவில்லை என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் வீடு மேற்குப் பார்த்த மூன்றாவது மாடி. ஒரு ஜூலை மாத வெள்ளிக்கிழமை மாலை ஏ.சி. நின்றது. நான் தொலைபேசியில் மட்டுமே புகார் சொன்னேன். "நாளை ஆள் வருவார்" என்ற பதிலே ஐந்து நாட்கள் வந்தது. குழந்தையின் மெத்தைகூடச் சூடாக இருந்த அந்த இரவுகளுக்குப் பிறகுதான் அரிசோனாவின் வாடகைச் சட்டத்தைப் படித்தேன்.

வீட்டோடு குளிரூட்டும் கருவி தரப்பட்டிருந்தால், அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. அது தவறும்போது, நியாயமான எழுத்து அறிவிப்பு கொடுத்த பின், குடியிருப்பவர் தாமே தகுந்த ஏற்பாடு செய்து அதன் நியாயமான செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அல்லது பழுது நீங்கும்வரை வேறிடத்தில் தங்கலாம், அந்நாட்களுக்கு இந்த வீட்டு வாடகை கிடையாது. பீனிக்ஸ் நகர விதி இன்னும் தெளிவானது: ஏ.சி. உள்ள வாடகை வீடு 82 பாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது. புறநகர்களில் இதே விதி இருக்கும் என்று நம்பிவிடாமல் அந்தந்த நகராட்சியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை எழுத்து அறிவிப்புதான். தேதியிட்ட ஒரு மின்னஞ்சலாவது அன்றே அனுப்பியிருந்தால் என் குடும்பம் அந்த ஐந்து நாட்களையும் அங்கே கழித்திருக்க வேண்டியதில்லை.

மின்கட்டணத்தையும் வாடகையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டங்களில் விலை ஏறுகிற மாலை நேரமும், மேற்குச் சுவரில் வெயில் அறைகிற நேரமும் ஒன்றே. மாதத்துக்கு ஐம்பது டாலர் குறைவு என்று மேற்குப் பார்த்த மேல்மாடியை எடுப்பவர், கோடையில் அதைவிடக் கூடுதலாக மின்சாரத்துக்குக் கொடுக்க நேரலாம். முந்தைய குடித்தனத்தின் ஜூலை, ஆகஸ்ட் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெரும்பாலோர் இங்கே வீடு பார்ப்பது, சன்னலைத் திறந்துவைத்தாலே இதமாக இருக்கும் குளிர்கால மாதங்களில். அப்போதும் மாலை நான்கு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வெயில் எந்த அறையில் விழுகிறது என்று கவனியுங்கள், ஏ.சி.யை ஓடவிட்டுக் காற்று எல்லா அறைகளுக்கும் வருகிறதா என்று பாருங்கள், பழுது நீக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நான் இனிக் குடிபோக மாட்டேன்.