பாடினவர் பெயரைச் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தப் பாட்டுப் போட்டியில் நடந்ததை இங்கே இருக்கிற பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். அந்தத் துண்டு வீடியோ இன்னும் எல்லார் பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. அந்தப் பையன் அருமையாகப் பாடினான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் 'கோடைகாலக் காற்றே' பாடி முடித்ததும் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எஸ்பிபி சார் மேலேருந்து உன்னை ஆசீர்வாதம் பண்ணுவார்" என்றாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையின் கீழே ஓடின பட்டையிலும் அதே பெயர். தொகுப்பாளர், மற்ற நடுவர்கள், பின்னால் உட்கார்ந்து வாசித்த இசைக்குழு, அப்புறம் எடிட்டிங்கில் உட்கார்ந்து அந்தப் பட்டையைப் போட்டவர்கள், இத்தனை பேரில் ஒருத்தர் கூடவா இல்லை, "இல்லைங்க, அதைப் பாடினது மலேசியா வாசுதேவன்" என்று சொல்ல?

பன்னீர் புஷ்பங்கள், 1981. இசை இளையராஜா. திரையில் வாயசைத்தவர் பிரதாப் போத்தன். பாடியவர் மலேசியா வாசுதேவன். இதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரு நிமிடம் தேடினால் கிடைத்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவு செய்கிற அளவுக்குக் கூட அந்த மனிதர் மேல் யாருக்கும் மரியாதை இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அன்றைக்கு இரவே இதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களைப் பார்த்த பிறகுதான் விரிவாக எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. "அண்ணே விடுங்க, பாட்டு நல்லா இருந்துச்சா இல்லையா, அதைப் பாருங்க" என்று ஒரு தம்பி. "யார் பாடினால் என்ன, ராஜா பாட்டு" என்று இன்னொருவர். "எஸ்பிபி மேல் உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுதான் என்னை ரொம்பவே காயப்படுத்தியது.

முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். எஸ்பிபி போன 2020 செப்டம்பர் 25 அன்று நான் எப்படி இருந்தேன் என்று என் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு இந்தப் பக்கத்தில் நான் எழுதியது இன்னும் இருக்கிறது, போய்ப் படியுங்கள். என் கல்யாண வீடியோ முழுக்க அவர் குரல்தான். எனக்கு அவர் மேல் இருக்கிற பிரியத்தை நிரூபிக்க வேண்டிய நிலைமை வந்ததே கொடுமை. ஆனால் ஒன்று சொல்கிறேன். எஸ்பிபி உயிரோடு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தால், பையன் பாடி முடித்த அடுத்த நொடியே "அதை நான் பாடலைப்பா, வாசு பாடினது" என்று சொல்லியிருப்பார். சக பாடகர்களைப் பற்றி மேடைக்கு மேடை மனசு விட்டுப் பாராட்டியவர் அவர். அவர் பாடாத பாட்டை அவர் தலையில் கட்டுவது அவருக்கும் செய்கிற அவமரியாதைதான். ஆயிரக்கணக்கில் பாடின மனிதருக்கு அடுத்தவர் பாட்டு எதற்கு?

பாடினவர் பெயரைச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

'கோடைகாலக் காற்றே' ஒன்றோடு இது முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். கோழி கூவுது படத்தில் வாசுதேவன் பாடின 'பூவே இளைய பூவே' எஸ்பிபி பெயரில் சுற்றுகிறது. புதுக்கவிதையில் வரும் 'வா வா வசந்தமே'யும் அப்படியே. தர்மயுத்தத்தின் 'ஒரு தங்க ரதத்தில்' பாட்டை எஸ்பிபி ஹிட்ஸ் தொகுப்பில் சேர்த்து யாரோ ஏற்றிவைத்திருப்பதை நானே பார்த்தேன். முரட்டுக்காளையின் 'பொதுவாக எம்மனசு தங்கம்' மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. அதிலும் பாதிப் பேருக்கு ரஜினி ஞாபகம் இருக்கிறார், பாடினவர் ஞாபகம் இல்லை. ரஜினி படம் என்றால் முதல் பாட்டு அமர்க்களமாக இருக்க வேண்டும் என்கிற எதிர்பார்ப்பை நம் மனசில் விதைத்த குரல்களில் 1980-இல் வந்த அந்தக் குரல் முக்கியமானது என்பது என் கட்சி.

என் தாய்மாமா ஒரு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் கடைசி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஆள் நுழைகிற அகலம். பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷக் கேசட்டா தொண்ணூறா என்று மாமா கேட்பார். பதிவு செய்து முடித்ததும் உள்ளே வைக்கிற அட்டையில் பாட்டின் முதல் வரி, படம், பாடியவர் மூன்றையும் பச்சை மை பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்தில் எழுதுவார். இடம் பற்றாவிட்டால் படத்தின் பெயரை விட்டுவிடுவார், பாடியவர் பெயரை விடவே மாட்டார்.

ஒருநாள் லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் கேசட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "நான் எஸ்பிபி பாட்டுதானய்யா கேட்டேன், நீ வேற யார் பேரையோ எழுதிவச்சிருக்க." மாமா ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து இசைத்தட்டை எடுத்து, உறையை உருவி, நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளில் விரலை வைத்துக் காட்டினார். அந்த அண்ணன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "மலேசியாவா? இவரு வேகமான பாட்டுல்ல பாடுவாரு!" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அடுத்த வாரம் வந்து, "அவரு பாடுனதா ஒரு கேசட் போட்டுக் குடு" என்றார். தொண்ணூறு நிமிஷக் கேசட்.

அட்டையில் எழுதியிருந்த ஒரு பெயர், ஒரு மனிதரின் காதைத் திறந்துவிட்டது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அவர் கடைசி வரைக்கும் அது எஸ்பிபி என்றே கேட்டுக்கொண்டு போயிருப்பார்.

"ரெண்டு குரலும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்கிறார்கள். இல்லை. உட்கார்ந்து கேளுங்கள். மிஸ்டர் பாரத் படத்து 'என்னம்மா கண்ணு சௌக்கியமா'வில் இரண்டு பேரும் சேர்ந்தே பாடியிருக்கிறார்கள், 1986-இல் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். எஸ்பிபி வார்த்தையோடு விளையாடுவார், சிரிப்பை உள்ளே நுழைப்பார், ஒரு எழுத்தை வளைத்துக் கொஞ்சுவார். வாசுதேவன் வார்த்தையை நேராக வைப்பார். அந்தக் குரலின் அடியில் ஒரு கரகரப்பு உண்டு, வெயிலில் நடந்து வந்தவன் குரல் அது. முதல் மரியாதை படத்து 'பூங்காத்து திரும்புமா'வைக் கேளுங்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷமாக சிவாஜி என்றால் டி.எம்.எஸ். குரல்தான் என்று கேட்டுப் பழகின காதுகள் நம்முடையவை. 1985-இல் அந்த முகத்துக்கு வேறொரு குரலை வைத்தார்கள், தமிழ்நாட்டில் ஒருத்தருக்கும் அது உறுத்தவில்லை. உறுத்தாததுதான் அந்தப் பாட்டின் பெருமை. அதில் எங்கேயும் அவர் அழமாட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு ஊர்ப் பெரியமனிதராக நடமாட வேண்டிய ஒருவரின் மூச்சு மட்டும்தான் கேட்கும். ஜானகியம்மா எதிர்ப்பாட்டு எடுக்கும்போது அந்த மூச்சு லேசாகத் தளரும். இதைக் கேட்ட பிறகும் ஒரே மாதிரி என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

"எல்லாம் இசையமைப்பாளர் போட்ட மெட்டு, பாடகர் கருவிதான்" என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அப்படி என்றால் எஸ்பிபி பெயரையும் சொல்லாதீர்கள். அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் பாடகர் கலைஞர், இவர் என்றால் கருவியா?

ஒருவர் கமெண்டில் எழுதியிருந்ததை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை. "வாசுதேவனுக்கு சான்ஸே எஸ்பிபிக்குத் தொண்டை சரியில்லாததால் கிடைத்ததுதான்" என்று எழுதியிருக்கிறார். 16 வயதினிலே பற்றிச் சொல்கிறார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், பரவலாகச் சொல்லப்படுவதுதான். சரி, அப்படியே இருக்கட்டும். 1977-இல் ஒருநாள் ஒருவருக்குத் தொண்டை கட்டியது. அதற்கப்புறம் சிகப்பு ரோஜாக்கள், புதிய வார்ப்புகள், முரட்டுக்காளை, முதல் மரியாதை, கரகாட்டக்காரன், 1993-இல் ரகுமான் இசையில் கிழக்குச் சீமையிலே என்று வரிசையாகப் பாடினாரே, அத்தனை வருஷமும் எஸ்பிபிக்குத் தொண்டை கட்டியேவா இருந்தது? மலேசியாவில் பிறந்து வளர்ந்து, சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து, சின்னச் சின்ன வாய்ப்புகளுக்காக அலைந்து மேலே வந்த ஒருவரைப் பதிலாள் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

அவர் மட்டுமில்லை. நிழல்கள் படத்து 'பூங்கதவே தாள் திறவாய்' பாடின தீபன் சக்கரவர்த்திக்கும் இதே கதிதான். அந்தப் பாட்டையும் எஸ்பிபிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் கூடப் பாடின உமா ரமணன் 2024 மே மாதம் இறந்தபோது, "ஐயோ, இவங்களா பாடினாங்க?" என்று ஊரே கேட்டது. 'ராசாத்தி உன்ன' பாடின ஜெயச்சந்திரனை ஜேசுதாஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள், 2025 ஜனவரியில் அவர் போன செய்தியோடுதான் திருத்திக்கொண்டார்கள். செத்தால்தான் பெயர் தெரியும் என்றால் அது என்ன ரசனை?

அந்தக் காலத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது பாட்டைப் போடுகிறார் என்றால், படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். எங்கள் வீட்டுப் பாட்டிக்குப் பள்ளிக்கூடமே தெரியாது, ஆனால் பாடகர் பெயர் அத்தனையும் தெரியும். அது ரேடியோ சொல்லிக்கொடுத்தது. சினிமா டைட்டிலில் பின்னணி என்று போட்டு எல்லாப் பெயரையும் ஒரே சட்டத்தில் அடுக்கிவிடுவார்கள், எந்தப் பாட்டு யார் பாடியது என்று அதில் இருக்காது. அந்தக் குறையைத் தீர்த்தது ரேடியோவும் இசைத்தட்டும்தான். இன்றைக்குப் பாட்டு கேட்கிற செயலியில் கலைஞர் என்ற இடத்தில் பல பாட்டுகளுக்கு இசையமைப்பாளர் பெயர் மட்டும்தான் கண்ணில் படுகிறது. யூடியூபில் ஏற்றுகிறவர்கள் வாய்க்கு வந்த பெயரைப் போடுகிறார்கள். அதைப் பார்த்துத் தொலைக்காட்சி பட்டை போடுகிறது. தொலைக்காட்சியைப் பார்த்து ஊர் நம்புகிறது.

இன்னொரு விஷயம் மனசைப் போட்டு அறுக்கிறது. 2024-இல் வேட்டையன் படத்தின் 'மனசிலாயோ' வந்தது. வாசுதேவனின் மகன் யுகேந்திரனையும் பாடவைத்து, ஏஐ மூலம் வாசுதேவன் குரலைக் கொண்டுவந்தார்கள். ரஜினிக்கு மறுபடியும் அந்தக் குரல். அன்றைக்கு எல்லா இடத்திலும் மலேசியா வாசுதேவன் என்று பெயர் போட்டார்கள். நல்லது, சந்தோஷம். குடும்பமும் சேர்ந்து செய்தது, அதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மெஷின் செய்த குரலுக்கு அவர் பெயர் பெரிய எழுத்தில் வருகிறது. சொந்தத் தொண்டையில், ஸ்டுடியோவில் நின்று, இசைக்குழுவோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துப் பாடினதற்கு வேறொருவர் பெயர்! இதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

"பேர்ல என்ன இருக்கு" என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பாடகர்கள் பாடிவிட்டு அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனவர்கள். அந்தப் பாட்டு நாற்பது வருஷம் ஓடினாலும் அவர்கள் கைக்குத் தொடர்ந்து காசு வர வழி இல்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பாடகர்களுக்கும் ராயல்டி உரிமை என்று பேச ஆரம்பித்தார்கள், அவர்களுக்கென்று சங்கமும் வந்தது. வாசுதேவன் 2011 பிப்ரவரி 20 அன்றே போய்விட்டார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அந்த மனிதர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அறிவார்கள். காசு இல்லை, ஆளும் இல்லை. மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, "விடுங்க அண்ணே" என்றால் எப்படி விடுவது?

அந்தப் பையனை யாரும் திட்டாதீர்கள், அவன் குழந்தை. அவனுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள், இது யார் பாடினது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவன் வாசுதேவன் பாடின மற்ற பாட்டுகளையும் தேடிப் படித்திருப்பானே!

நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில், அதே நடுவர், அந்தப் பாட்டைப் பாடியவர் மலேசியா வாசுதேவன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கீழே பட்டையில் ஓட்டிவிட்டுப் போனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் அனுப்புங்கள். முகவரியை முதல் கமெண்டில் போடுகிறேன். எஸ்பிபியா வாசுதேவனா என்று சண்டை போட வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள், அந்தக் கமெண்டுகளை எடுத்துவிடுவேன்.