காகிதத்தில் எதற்கு வெப்சைட்?

வாராவாரம் வாங்கும் பத்திரிகையைப் பிரித்தாலே எரிச்சல் வருகிறது. பக்கம் முழுக்கக் கட்டங்கள், ஹேஷ்டேக், அம்புக்குறி. கட்டுரை சூடுபிடிக்கும் இடத்தில் ஒரு கியூஆர் கோடு. மீதியை போனில் பார்க்க வேண்டுமாம். காசு கொடுத்தது காகிதத்தில் படிக்கத்தானே?

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சாம்பல் நிற எழுத்தைத்தான் தாங்க முடியவில்லை. திரையில் அது தெளிவாகத் தெரியும், திரையே வெளிச்சம் தருகிறது. அச்சில் சாம்பல் என்பது பெரும்பாலும் கறுப்பு மையின் பொடிப்பொடிப் புள்ளிகள்தான். மெல்லிய எழுத்தை அப்படி அடித்தால் ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது, மெய்யெழுத்தின் புள்ளியே காணாமல் போகிறது. ‘க்’ எது, ‘க’ எது என்று அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார். கட்டம் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், எழுத்தை மட்டும் நல்ல கறுப்பில் அடியுங்கள்.