ஆறு தொகுதி இருந்தும் ஒரு எம்.பி. இல்லாத மாவட்டம்

"புதுக்கோட்டை எம்.பி. யாருங்க?" இந்தக் கேள்விக்கு இனியும் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது. புதுக்கோட்டைக்கு எம்.பி. கிடையாது. அந்தப் பெயருள்ள தொகுதியில் கடைசியாக ஜெயித்து மக்களவைக்குப் போனவர் 2004-ல் எஸ்.ரகுபதி. 2009-லிருந்து தொகுதிப் பட்டியலில் புதுக்கோட்டை என்ற பெயரே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் செய்தி வாசிக்கிறவர்களும் தேர்தல் கணிப்பு போடுகிறவர்களும் "புதுக்கோட்டைத் தொகுதி நிலவரம்" என்று ஆரம்பிக்கும்போது வயிறு எரிகிறது.

மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதியை எப்படிக் கூறு போட்டார்கள் என்று பாருங்கள். விராலிமலை கரூருக்கு. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரே ஆட்சியர், ஒரே மாவட்டம், நாலு எம்.பி. அந்த நாலு தொகுதியில் ஒன்றிலாவது நாம் பாதிப்பேர் இருக்கிறோமா? இல்லை. திருச்சியில் ஆறில் இரண்டு, சிவகங்கையில் ஆறில் இரண்டு, கரூரிலும் ராமநாதபுரத்திலும் ஆறில் ஒன்று. எங்கே போனாலும் ஓரத்து இலைதான்.

கணக்கைப் பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234, மக்களவைத் தொகுதி 39. வகுத்தால் மீதியில்லாமல் ஆறு. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி. 2008-ல் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்த மறுவரையறைக்கு முன்னால் மாவட்டத்தில் ஐந்துதான் இருந்தன: குளத்தூர் (தனி), புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. மறுவரையறையில் குளத்தூர் போய், கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை இரண்டும் வந்தன. ஆக ஆறு. ஒரு மக்களவைத் தொகுதிக்கு வேண்டிய அதே ஆறு! ஆறாக்கிக் கொடுத்த அதே உத்தரவுதான் அந்த ஆறையும் நாலு திசைக்குப் பிய்த்துப் போட்டது. மறுவரையறைச் சட்டத்தின் 9-வது பிரிவு என்ன சொல்கிறது? முடிந்தவரை தொகுதி கச்சிதமான நிலப்பரப்பாக இருக்க வேண்டும், நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்களின் வசதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்கிறது. திருச்சி–மதுரை சாலையில் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் விராலிமலையைக் கரூரோடு கோர்த்ததில் எந்த வசதியைப் பார்த்தார்கள்?

மக்கள்தொகை போதவில்லை என்று ஒரு சமாதானம் வரும். 2001 கணக்கெடுப்பில் மாவட்டத்துக்குச் சுமார் 14.6 லட்சம் பேர், ஒரு எம்.பி. தொகுதிக்கு மாநிலச் சராசரி சுமார் 16 லட்சம். குறைவு ஒன்பது சதவீதம்கூட இல்லை. அதற்காக ஒரு மாவட்டத்தையே நாலாக அறுப்பதா? 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அறுத்தது அறுத்தபடியேதான் கிடக்கிறது.

பழைய புதுக்கோட்டைத் தொகுதி மாவட்ட எல்லைக்குள் அச்சாக அடங்கியிருந்தது என்று யாரும் சொல்லவில்லை. திருமயம் அப்போதே சிவகங்கைப் பக்கம்தான். ஆனாலும் புதுக்கோட்டை என்று ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு குரல் இருந்தது. 1952-ல் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு, 1957-ல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார். 1962-ல் கம்யூனிஸ்ட் ஆர்.உமாநாத், கட்சி பிளந்த பிறகு 1967-ல் அவரே மார்க்சிஸ்டாக நின்று மறுபடி ஜெயித்தார். 1971-ல் தி.மு.க., 1977-ல் அ.தி.மு.க., 1980-ல் காங்கிரஸ். 1984, 1989, 1991 மூன்று தடவையும் காங்கிரஸின் என்.சுந்தரராஜ். அதன்பிறகு 1996-ல் தி.மு.க.வின் திருச்சி சிவா, 1998-ல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம், 1999-ல் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. கண்ட திருநாவுக்கரசர், 2004-ல் மறுபடி தி.மு.க. எட்டு வருஷத்தில் நாலு தேர்தல், நாலு பேர். எந்தக் கட்சிக்கும் நிரந்தரமாகப் பட்டா போட்டுக் கொடுக்காத மண் இது. அந்தக் கணக்கு 2004-ல் அப்படியே அறுந்துவிட்டது.

அறுந்த கணக்கை ஒட்டவைக்கிறேன் என்று சிலர் செய்யும் வேலை அதைவிட மோசம். 2004 திருச்சி முடிவையும் 2009 திருச்சி முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இத்தனை சதவீதம் சரிவு" என்று எழுதுகிறார்கள். பெயர்தானய்யா ஒன்று, ஊர் வேறு! 2009 திருச்சியில் புதுக்கோட்டை நகரமே இருக்கிறது. புதுக்கோட்டை எப்படி ஓட்டுப் போட்டது என்று தெரிய வேண்டுமானால் நாலு தொகுதியின் படிவம் 20-ஐயும் எடுங்கள். அதில் வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு இருக்கும். 178 கந்தர்வகோட்டை, 179 விராலிமலை, 180 புதுக்கோட்டை, 181 திருமயம், 182 ஆலங்குடி, 183 அறந்தாங்கி, இந்த ஆறையும் மட்டும் பிரித்துக் கூட்டுங்கள். தபால் ஓட்டைச் சேர்க்காதீர்கள், அது மொத்தத் தொகுதிக்கும் சேர்த்து எண்ணுவது. கூட்டும்போது கட்சியைப் பார்த்துக் கூட்டினால் தப்பாகும், கூட்டணியைப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

ஏனென்றால் 2024-ல் இந்த ஒரு மாவட்டத்துக்குள் தி.மு.க. கூட்டணிக்கு மூன்று சின்னம்: திருச்சியில் தீப்பெட்டி, கரூரிலும் சிவகங்கையிலும் கை, ராமநாதபுரத்தில் ஏணி. உதயசூரியன் மாவட்டத்தில் ஒரு இயந்திரத்தில்கூட இல்லை. 2019-லும் இல்லை. எதிரணியில் பா.ஜ.க. கூட்டணிக்கு ஒரு பக்கம் குக்கர், ஒரு பக்கம் தாமரை, அறந்தாங்கிப் பக்கம் ஓ.பன்னீர்செல்வத்தின் பலாப்பழம். கரூரில் 54 வேட்பாளர். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பெயர்தான் கொள்ளும், நோட்டாவையும் சேர்த்தால் நாலு இயந்திரம். விராலிமலைக் கிழவி ஒருத்தி நாலு இயந்திரத்தில் தேடி ஓட்டுப் போட வேண்டும். பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வேறு சின்னம் சொல்வார், வேறு வேட்பாளர் பெயர் சொல்வார். இதில் ஒரு மாவட்டத்துக் கோரிக்கையை யார் ஒன்றுசேர்ந்து கேட்பது?

கேட்க விஷயம் இல்லையா? தஞ்சாவூர்–புதுக்கோட்டை ரயில் பாதை எத்தனை வருஷக் கோரிக்கை! கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் அது ராமநாதபுரம் எம்.பி. கணக்கு. 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்தபோது அது சிவகங்கை எம்.பி. கணக்கு. காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் கரூரில் தொடங்கி இந்த மாவட்டத்துக்குள் புகுந்து வருகிறது, அதற்கு யாரைப் பிடிப்பது? எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சமமாகப் பங்கிட்டாலே தொகுதிக்கு 83 லட்சம்தான். அதிலும் பல மாவட்டத்தில் பரவிய தொகுதியின் எம்.பி. ஒரு மாவட்டத்தைத்தான் நிதிக்கு முதன்மை மாவட்டமாக வைத்துக்கொள்வார். ஆறில் இரண்டோ ஒன்றோ மட்டும் வைத்திருக்கும் புதுக்கோட்டையை எவர் தேர்ந்தெடுப்பார்?

ஓட்டுக்கு மதிப்பில்லாமல் இல்லை. 2009-ல் சிவகங்கையில் ப.சிதம்பரம் ஜெயித்தது 3,354 ஓட்டு வித்தியாசத்தில். திருமயமும் ஆலங்குடியும் ஒரு பக்கம் சாய்ந்தால் முடிவே மாறியிருக்கும். அப்படிப்பட்ட ஓட்டைப் போட்டுவிட்டு, மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. தாலுகா பெயரை வைத்து எம்.பி.யை முடிவு செய்யாதீர்கள். வாக்காளர் அட்டையின் பின்பக்கம் சட்டமன்றத் தொகுதியின் பெயரும் எண்ணும் இருக்கும், வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் நாடாளுமன்றத் தொகுதியும் இருக்கும். இரண்டையும் மனுவின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

அடுத்த மறுவரையறை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பை வைத்து வரும் என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. போன தடவைபோல் தூங்கிவிடக் கூடாது. முதலில் வரைவு அரசிதழில் வரும், ஆட்சேபத்துக்குக் கெடு தேதி கொடுப்பார்கள், பிறகு பொது விசாரணை. மறுவரையறை ஆணையத்தோடு உட்காரும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு அங்கே ஓட்டுரிமை கிடையாது, அவர்களை நம்பி இருக்க முடியாது. இறுதி உத்தரவு வந்தபின் நீதிமன்றத்துக்குப் போய் மாற்றுவதும் லேசில்லை, அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு அதைப் பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே கெடு தேதிக்குள், ஊராட்சி வாரியாக, கையெழுத்தோடு, மாவட்ட எல்லைக்குள்ளேயே புதுக்கோட்டை என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி வேண்டும் என்று எழுத்தில் போய்ச் சேர வேண்டும். விராலிமலையிலிருந்தும் போக வேண்டும், அறந்தாங்கியிலிருந்தும் போக வேண்டும்.