உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் நடந்த கார்கில் நாள் கூட்டத்தின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கார்கில் போர் வீரர் யோகேந்திர சிங் யாதவின் படத்துக்குச் சந்தன மாலை. முன்னால் விளக்கு. "உயிர்த்தியாகம் செய்த" என்று அறிவித்து மௌன அஞ்சலி வேறு. அவர் உயிரோடு இருக்கிறார், ஐயா! மேடையருகே போய்ச் சொன்னேன். "விடுங்கள், மரியாதைதானே" என்றார்கள். உங்கள் வீட்டு அண்ணன் படத்துக்கு இப்படி மரியாதை செய்வீர்களா?

1999 ஜூலையில், கார்கில் போரின்போது, டைகர் ஹில் சிகரத்தில் ஏறியபோது அவருக்கு 19 வயது. செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போதே உடம்பில் குண்டுகள் பாய்ந்தன. அப்படியும் மேலே போய்ப் பதுங்கு குழியைத் தாக்கினார். கை முறிந்து தொங்கியது. சட்டைப் பையிலிருந்த ஐந்து ரூபாய் நாணயங்கள் ஒரு குண்டைத் தடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரா பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின் கிடைத்தது. இவர் பிழைத்து வந்தவர். அதையாவது தெரிந்துகொள்ளக் கூடாதா?

"அன்று அரசே மறைந்தவர் என்றுதானே அறிவித்தது?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். உண்மைதான். அதே பெயருடைய இன்னொரு வீரர் இறந்ததால் வந்த குழப்பம் அது. இவர் மருத்துவமனையில் இருப்பது தெரிந்ததும் திருத்திக்கொண்டார்கள். நீங்கள் இத்தனை வருடம் கழித்தும் திருத்தவில்லையே!

"நல்ல காரியத்தில் குற்றம் காண்கிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

என் பெரியப்பா 22 வருடம் ராணுவத்தில் இருந்தவர். பதக்கம் எதுவும் இல்லை. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கப் போன இடத்தில் அவர் கைரேகையை இயந்திரம் ஏற்கவில்லை. பனியில் கெட்டுப்போன விரல்கள். வேட்டியில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தார். "நாளைக்கு வாங்க பெரியவரே" என்றார்கள். மூன்று நாள் அலைந்தார். எதிரில் நிற்கிறவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்ப அத்தனை தயக்கம்!

அந்தக் கூட்டத்துக்கும் அவர் வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மௌன அஞ்சலியின்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், "அந்தப் பையன் நல்லா இருக்கானே, ஏன் மாலை போட்டாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மாலை இன்னும் அந்தப் படத்தில்தான் தொங்குகிறது. இன்று காலையும் பார்த்தேன். தயவுசெய்து அதைக் கழற்றுங்கள்.